மருந்தும் வேண்டும், விளையாட்டும் வேண்டும்: குமரி மாவட்ட வீரர்களுக்கு டி.யு.இ. முழு வழிகாட்டி

இளைப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளையைப் பந்து விளையாட விடாதே, சர்க்கரை உள்ள பெண்ணை ஓட விடாதே என்று சொல்லும் பெரியவர்கள் நம் மாவட்டத்தில் இன்றும் உண்டு. அந்தப் பேச்சுக்குப் பயந்து இன்ஹேலரைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு மைதானத்துக்கு வரும் பிள்ளைகளும் உண்டு. மாநில அணிக்குத் தேர்வான பிறகு அதே பிள்ளைக்கு இன்னொரு பயம் சேர்ந்துகொள்கிறது: இந்த மருந்து ஊக்கமருந்துப் பட்டியலில் இருந்தால் என்ன செய்வது?

வழி இருக்கிறது. தடைப் பட்டியலில் உள்ள மருந்தாக இருந்தாலும், நோய்க்கு அது கட்டாயம் தேவை என்று நிரூபித்து, எழுத்தில் அனுமதி வாங்கி, அதை எடுத்துக்கொண்டே போட்டியிடலாம். சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு என்பது அந்த அனுமதியின் பெயர். விளையாட்டு வட்டாரத்தில் டி.யு.இ. என்றால்தான் எல்லாருக்கும் புரியும். இதை யாரிடமும் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை, நோயுள்ள வீரருக்கு விதியே கொடுத்திருக்கும் உரிமை. ஆனால் காகிதம் இல்லாமல் அந்த உரிமை கைக்கு வராது. நம் ஊர் வீரர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் அதுதான் என்பதால், இந்த வழிகாட்டியில் பெரும்பகுதியை மருந்துச் சீட்டுக்கும் மருத்துவக் கோப்புக்குமே கொடுத்திருக்கிறேன்.

யார் தடுக்கிறார்கள், யார் விலக்கு தருகிறார்கள்

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, அதாவது வாடா, 1999இல் தொடங்கப்பட்டது. தலைமையகம் கனடாவின் மான்ட்ரியலில் உள்ளது. தடை செய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் இது வெளியிடுகிறது. புதிய பட்டியல் ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும். இந்தியாவில் அதைச் செயல்படுத்துவது தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடா. 2022ஆம் ஆண்டின் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் இப்போது அதற்குச் சட்டபூர்வ அதிகாரம் அளித்திருக்கிறது.

இந்த அமைப்பின் அடித்தள விதி கடுமையானது. உங்கள் சிறுநீரிலோ ரத்தத்திலோ தடை செய்யப்பட்ட பொருள் இருந்தால், அது எப்படி வந்தது என்றாலும் முதல் பொறுப்பு உங்களுடையது. டாக்டர் கொடுத்தார், அம்மா வாங்கித் தந்தார், தெரியாமல் குடித்தேன் என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றத்தை இல்லாமல் ஆக்காது. முன்கூட்டியே வாங்கிய டி.யு.இ. கையில் இருந்தால், அதில் சொன்ன அளவுக்குள் அந்த மருந்து இருப்பது குற்றமே ஆகாது.

விலக்கு கிடைக்க நான்கு நிபந்தனைகள் சேர்ந்து நிறைவேற வேண்டும். ஒன்று, முறையாகக் கண்டறியப்பட்ட நோய்க்கு அந்த மருந்து தேவை என்பதற்கு மருத்துவச் சான்று இருக்க வேண்டும். இரண்டு, அந்த மருந்து உங்களைச் சாதாரண ஆரோக்கிய நிலைக்குக் கொண்டுவருவதைத் தாண்டிக் கூடுதல் திறனைத் தரக்கூடாது. மூன்று, அது அந்த நோய்க்கான ஏற்கப்பட்ட சிகிச்சையாக இருக்க வேண்டும். தடையில்லாத தகுந்த மாற்று மருந்து இருக்கக்கூடாது. நான்கு, அனுமதியில்லாமல் முன்பு தடை மருந்து எடுத்ததால் வந்த உடல்கேட்டைச் சரிசெய்ய அது தேவைப்படக்கூடாது. தசை வளர்க்கும் ஸ்டீராய்டு ஊசி போட்டுப் போட்டு உடலின் சொந்த டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு படுத்துவிட்டது, இனி அதை வெளியிலிருந்து ஏற்ற அனுமதி கொடுங்கள் என்று கேட்பவரை நான்காவது நிபந்தனை தடுத்துவிடும்.

முதல் படி: உடலுக்குள் என்ன போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது. ஆண்டில் பாதி நாள் சளியும் இருமலும் இளைப்பும்தான். காய்ச்சல் என்றால் பக்கத்துக் கிளினிக்குக்குப் போவோம். ஓர் ஊசி, காகிதக் கவரில் நாலைந்து மாத்திரை, அதன்மேல் காலை, இரவு என்று பேனாவால் போட்ட கோடு. மாத்திரையின் பெயர் எங்கும் இருக்காது. வீரரிடம் என்ன மருந்து என்று கேட்டால், "தெரியாது சார், ஒரு ஊசி போட்டாவ, வெள்ள மாத்திரை தந்தாவ" என்பார். டி.யு.இ.க்கு இதைவிடப் பெரிய தடை வேறில்லை.

ஆகவே இன்றே தொடங்க வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. எந்த டாக்டரிடம் போனாலும், "நான் போட்டிகளில் கலந்துகொள்கிறேன், எனக்கு ஊக்கமருந்துப் பரிசோதனை வரலாம்" என்பதை முதலிலேயே சொல்லுங்கள். சீட்டில் மருந்தின் மூலப்பெயரை, அதாவது பிராண்ட் பெயரை அல்ல, உள்ளே இருக்கும் மருந்துப் பொருளின் பெயரை, எழுதித் தரச் சொல்லுங்கள். போட்ட ஊசியின் பெயரும் அளவும் அதில் இருக்கட்டும். கவரில் மாத்திரை தந்தால், அட்டையைக் காட்டச் சொல்லிப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல டாக்டர்கள் யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மூலப்பெயர் கிடைத்ததும் அந்த ஆண்டுப் பட்டியலில் தேடுங்கள். நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் மருந்தின் பெயரைக் கொடுத்தும் பார்க்கலாம். நம் ஊரில் அடிக்கடி கண்ணில் படும் சிலவற்றை மட்டும் இங்கே விரித்துச் சொல்கிறேன்.

இருமல் சிரப்பிலிருந்து தொடங்குவோம். நெஞ்சுச்சளிக்குக் கடைகளில் தரும் பல சிரப்புகளில் டெர்பியூட்டலின் இருக்கிறது. அது எப்போதும் தடை செய்யப்பட்டது. போட்டி நாள், ஓய்வு நாள் என்ற வேறுபாடு கிடையாது. கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷாவுக்கு 2019இல் எட்டு மாதத் தடை வந்தது இந்த டெர்பியூட்டலினால்தான். இருமல் சிரப்புகளில் பரவலாக உள்ள பொருளை அவர் தெரியாமல் உட்கொண்டார் என்று இந்தியக் கிரிக்கெட் வாரியமே அறிவித்தது. அதற்கு முன் யூசுஃப் பதானுக்கும் அதே பொருளால் ஐந்து மாதத் தடை வந்தது. அணி மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்கும் வசதி உள்ளவர்களுக்கே இந்த நிலை. இளைப்புக்குத் தரும் சால்பூட்டமால் மாத்திரையும் சிரப்பும் இதே வகைத் தடையில் வருகின்றன.

இன்ஹேலர் கதை வேறு. சால்பூட்டமாலை உறிஞ்சி எடுத்தால் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை அனுமதி. அதற்குள்ளும் எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண நீல இன்ஹேலரில் ஓர் அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம். அப்படியானால் 8 மணி நேரத்தில் அதிகபட்சம் ஆறு அழுத்தம். இந்த அளவுக்குள் இருந்தால் டி.யு.இ. தேவையே இல்லை. சால்மெட்டராலுக்கும் ஃபார்மோட்டராலுக்கும் இப்படித் தனித்தனி உச்சவரம்பு இருக்கிறது. இன்ஹேலரை ஒளித்து வைக்கும் பிள்ளைகளுக்கு இதை யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்: நீ எடுப்பதில் குற்றம் எதுவும் இல்லை.

ஆனால் நெபுலைசர் வைத்தால் கணக்கு மாறிவிடும். பெரியவர்களுக்கு ஒரு தடவை வைக்கும் சால்பூட்டமால் திரவம் பொதுவாக 2.5 மில்லிகிராம், அதாவது 2500 மைக்ரோகிராம். ஒரே தடவையில் ஒரு நாள் வரம்பு தாண்டிப் போயிற்று. மூச்சுத் திணறி வருபவருக்கு நெபுலைசர் வைப்பது சரியான சிகிச்சை, அதை மறுக்கவே கூடாது. ஆனால் மறுநாளே அவசர டி.யு.இ.க்கான காகிதங்களைச் சேர்க்கத் தொடங்க வேண்டும்.

அடுத்தது டிரிப். உடம்பு தளர்ந்தால் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது நம் ஊரில் சகஜம். போட்டிக்கு முன் தெம்புக்கு என்று ஏற்றுவோரும் உண்டு. 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழியாக எந்தத் திரவம் ஏற்றினாலும் அது தடை செய்யப்பட்ட முறை. பாட்டிலில் வெறும் உப்புநீர் இருந்தாலும் விதி ஒன்றே. மருத்துவமனைச் சிகிச்சை, அறுவைச் சிகிச்சை, பரிசோதனை ஆகியவற்றின் பகுதியாக நியாயமாக ஏற்றினால் மட்டுமே விலக்கு. வயிற்றுப்போக்கில் துவண்டு ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் படுத்து ஏற்றிக்கொண்டால் பிரச்சினை இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரப்படுத்துங்கள். விடுதி அறையில் ஆள் வைத்து ஏற்றினால் பிரச்சினைதான். குடிக்க முடிகிறவருக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் போதும்.

ரத்த அழுத்த மாத்திரைகளில் பெயரின் கடைசியில் 'எச்' என்று இருந்தால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதையசைடு கலந்தது என்று பொருள். அது சிறுநீர் பெருக்கி, எப்போதும் தடை. மூத்தோர் தடகளத்தில் ஓடும் அண்ணாச்சிகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முகப்பருவுக்கும், சினைப்பை நீர்க்கட்டியான பி.சி.ஓ.டி.க்கும் பெண்களுக்குத் தரும் ஸ்பைரோனோலாக்டோன், கருமுட்டை வளரத் தரும் லெட்ரோசோல், குளோமிஃபீன் ஆகியவையும் எப்போதும் தடையில் உள்ளவை. மகளிர் மருத்துவரிடம் போகும் வீராங்கனைகளுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இன்சுலினும் எப்போதும் தடை. டைப் 1 சர்க்கரை உள்ளவர் டி.யு.இ. வாங்கியே தீர வேண்டும். மெட்ஃபார்மின் தடையில் இல்லை. பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், செட்டிரிசின், மான்டிலுகாஸ்ட், ஆன்டிபயாடிக் இவையும் தடையில் இல்லை.

வர்ம ஆசான்களும் சித்த வைத்தியர்களும் நிறைந்த மாவட்டம் நம்முடையது. சுளுக்குக்கும் தசைப்பிடிப்புக்கும் அவர்களிடம் போய்த் தடவிவிட்டு வருவதில் எனக்கு ஓர் ஆட்சேபமும் இல்லை. உள்ளுக்குத் தரும் மருந்தில்தான் நிதானம் வேண்டும். என்னென்ன சேர்த்தது என்று எழுதித் தர முடியாத பொடியையும் லேகியத்தையும் பரிசோதனைக்கு உட்படும் வீரர் சாப்பிடக்கூடாது. மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் என்று விற்கும் பெயரில்லாப் பொடிகளில் ஸ்டீராய்டு கலப்படம் இருந்ததை மருத்துவ ஆய்வுகள் பலமுறை பதிவு செய்திருக்கின்றன. உட்பொருள் தெரியாத மருந்துக்கு டி.யு.இ. கேட்கவும் முடியாது. ஜிம்மில் விற்கும் பவுடருக்கும் இதே பதில்.

இரண்டாம் படி: எப்போது தடை என்று பிரியுங்கள்

சில மருந்துகள் ஆண்டு முழுக்கத் தடை. சில, போட்டிக் காலத்தில் மட்டும். போட்டிக் காலம் என்பது பொதுவாக, நீங்கள் கலந்துகொள்ளும் போட்டிக்கு முந்தைய நாள் இரவு 11.59க்குத் தொடங்கி, போட்டி முடிந்து மாதிரி எடுக்கும் வரை நீளும். டிரமடால் 2024 ஜனவரி 1 முதல் இந்த வகையில் சேர்ந்திருக்கிறது. வலி தாங்க முடியாமல் போட்டிக்கு முன் அதைப் போடும் கபடி வீரர்கள் கவனிக்க வேண்டும்.

இந்த வகையில் நமக்கு மிக முக்கியமானது குளுக்கோகார்டிகாய்டு, பேச்சு வழக்கில் ஸ்டீராய்டு. வாய்வழி, எந்த வகை ஊசி, ஆசனவாய் வழி மூன்றும் போட்டிக் காலத்தில் தடை. மூட்டுக்குள் போடும் ஊசியும் 2022 முதல் இதில் அடக்கம். உறிஞ்சும் மருந்து, மூக்கு ஸ்பிரே, கண் சொட்டு, தோல் களிம்பு ஆகியவற்றுக்குத் தடையில்லை.

கடைசி டோஸுக்கும் போட்டிக் காலத்தின் தொடக்கத்துக்கும் இடையே எத்தனை நாள் விட வேண்டும் என்று வாடா ஓர் அளவு தந்திருக்கிறது. மாத்திரைக்கு 3 நாள். டிரையம்சினலோன் மாத்திரைக்கு மட்டும் 10 நாள். தசையில் போடும் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், மெத்தில்பிரெட்னிசலோன் ஊசிக்கு 5 நாள், பிரெட்னிசலோனுக்கு 10 நாள், டிரையம்சினலோனுக்கு 60 நாள். மூட்டிலும் தசைநாரைச் சுற்றியும் போடும் ஊசிக்கு 3 நாள்; அதுவே பிரெட்னிசலோன் அல்லது டிரையம்சினலோன் என்றால் 10 நாள். முட்டுவலிக்குக் 'கெனகார்ட்' என்ற பெயரில் போடுவது டிரையம்சினலோன்தான். கிளினிக்கில் காய்ச்சலோடு இளைப்பும் சேர்ந்து வந்தால் 'டெக்ஸா' போடுவது வழக்கம். வெள்ளிக்கிழமை ஊசி, ஞாயிற்றுக்கிழமை மாநிலப் போட்டி என்றால், உங்களுக்கு விலக்கு தேவைப்படுகிறது.

துப்பாக்கி சுடுதலிலும் வில்வித்தையிலும் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: கை நடுக்கத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரும் புரோப்ரனலோல் போன்ற பீட்டா பிளாக்கர்கள் இந்த இரு விளையாட்டுகளில் எல்லா நாளும் தடை.

மூன்றாம் படி: மாற்று உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள்

டி.யு.இ. குழு கேட்கும் முதல் கேள்வியே இதுதான், அதனால் அதை நீங்களே முந்திக் கேட்டுவிடுங்கள். பல நேரம் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். 'எச்' மாத்திரைக்குப் பதில் 'எச்' இல்லாத மாத்திரை, சிரப்புக்குப் பதில் இன்ஹேலர் என்று மாறலாம். மாற்ற முடியாது என்றால், ஏன் முடியாது, முன்பு எதைக் கொடுத்துப் பயனில்லாமல் போயிற்று என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டு வரிக்கு விண்ணப்பத்தில் பெரிய மதிப்பு உண்டு.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அனுமதி வரட்டும் என்று இன்சுலினையோ, உயிர்காக்கும் வேறு எந்த மருந்தையோ நிறுத்தாதீர்கள். போட்டியைத் தள்ளி வைக்கலாம்.

நான்காம் படி: யாரிடம் விண்ணப்பிப்பது

பெரும்பாலான நம் வீரர்களுக்கு நாடாதான். தேசியப் போட்டிகள், கேலோ இந்தியா, அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகள் போன்ற இடங்களில் நாடாவின் பரிசோதனை வரும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணியில் ஆடும் நாகர்கோவில் கல்லூரி மாணவருக்கும் இது பொருந்தும். உங்கள் சர்வதேசச் சம்மேளனம் உங்களைச் சர்வதேச நிலை வீரராக வகைப்படுத்தியிருந்தால், விண்ணப்பம் அந்தச் சம்மேளனத்துக்குப் போக வேண்டும். நாடா கொடுத்த டி.யு.இ. வெளிநாட்டுப் போட்டிகளில் தானாகச் செல்லுபடியாகாது. சம்மேளனம் அதை அங்கீகரிக்க வேண்டும். ஒலிம்பிக் போன்ற பெரும் போட்டிகளை நடத்துவோருக்கும் தனி நடைமுறை இருக்கலாம் என்பதால் தேர்வான அன்றே விசாரியுங்கள்.

கடற்கரை ஊர்களின் கால்பந்துத் தொடர்களிலும் கோயில் திருவிழாக் கபடியிலும் மட்டும் ஆடுபவர் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டிய அவசியம் பொதுவாக இருக்காது. தேசிய நிலைக்குக் கீழே உள்ளவர் எங்காவது பரிசோதிக்கப்பட்டால், மருந்து எடுத்த பிறகும் முன்தேதியிட்டு விண்ணப்பிக்க விதியில் இடமுண்டு. ஆனால் அப்போது கோப்பு கையில் இருக்க வேண்டும். தூத்தூர், இரவிபுத்தன்துறைப் பக்கமிருந்து மாநில அணிக்கும் அதற்கு மேலும் போன கால்பந்து வீரர்களைப் பார்த்திருக்கிறோம். அந்த அழைப்பு எந்த ஆண்டு வரும் என்று யாருக்கும் தெரியாது, கோப்பை இப்போதே தொடங்குங்கள்.

ஐந்தாம் படி: மருத்துவக் கோப்பு

விண்ணப்பம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். டாக்டர் தரும் ஒற்றை வரிச் சான்றிதழ், "இவருக்கு ஆஸ்துமா இருக்கிறது, இந்த மருந்து தேவை" என்பது, போதவே போதாது. குழுவில் இருக்கும் மருத்துவர்கள் உங்களை நேரில் பார்ப்பதில்லை. காகிதத்தைப் படித்து, தாங்களே அந்த நோயைக் கண்டறியும் அளவுக்குத் தகவல் வேண்டும் அவர்களுக்கு.

ஆஸ்துமாவையே எடுத்துக்கொள்வோம். எந்த வயதில் தொடங்கியது, எப்போது கூடுகிறது, எத்தனை முறை மருத்துவமனையில் சேர்ந்தார் என்ற வரலாறு முதலில். பிறகு நெஞ்சுப் பரிசோதனைக் குறிப்பு. அதன்பின் ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதிப் பார்க்கும் சோதனை. இன்ஹேலர் எடுப்பதற்கு முன்னும் பின்னும் ஊதி, ஒரு வினாடியில் வெளியேறும் காற்றின் அளவு 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடியிருந்தால் அது வலுவான சான்று. பயிற்சி இல்லாத நல்ல நாளில் ஊதினால் அளவு சாதாரணமாகவே வரும். பல வீரர்களுக்கு அப்படித்தான். அப்போது ஓடவைத்தோ மருந்து கொடுத்தோ மூச்சுக்குழாயைத் தூண்டிப் பார்க்கும் சோதனையை நுரையீரல் மருத்துவர் செய்வார். எந்த மருந்தை எத்தனை மணி நேரம் நிறுத்திவிட்டுச் சோதனைக்கு வர வேண்டும் என்பதை அவரிடமே கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்தச் சோதனைக்கு வசதி எங்கே இருக்கிறது என்று ஆசாரிபள்ளத்திலோ நுரையீரல் மருத்துவரிடமோ விசாரிக்கலாம். களியக்காவிளைப் பக்கத்து ஆட்கள் எதற்கும் திருவனந்தபுரம் போவது வழக்கம். அங்கே எடுத்த அறிக்கையும் செல்லும், மாநில எல்லை இதில் ஒரு பொருட்டல்ல.

டைப் 1 சர்க்கரைக்கு, நோய் தொடங்கிய காலத்துச் சீட்டு, ரத்தச் சர்க்கரை அளவுகள், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு, தற்போதைய இன்சுலின் வகையும் அளவும், சர்க்கரை நோய் நிபுணரின் கடிதம். சிறுவயதில் முதன்முதலாக மயங்கி விழுந்து சேர்த்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி வீட்டுப் பெட்டிக்குள் கிடந்தால் அதுதான் தங்கம், தேடி எடுங்கள். கவனக் குறைவுக் கோளாறான ஏ.டி.எச்.டி.க்கு மெத்தில்பெனிடேட் எடுக்கும் பிள்ளைகள் என்றால், மனநல நிபுணரின் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். சிமோன் பைல்ஸ் இந்த நோய்க்குத்தான் விலக்கு பெற்றிருந்தார். 2016இல் இணையத் திருடர்கள் அவருடைய மருத்துவக் கோப்பை வெளியிட்டபோது, சிறுவயது முதல் இதற்கு மருந்து எடுப்பதாகவும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார். நம் வீட்டுப் பெற்றோர் இதை அறிந்திருப்பது நல்லது.

ஓ.பி. சீட்டு மழையில் நனைந்து மை கலைந்து போகும். சீட்டு கிடைத்த அன்றே படம் எடுத்து, வீட்டில் ஒருவர் போனிலும் மின்னஞ்சலிலும் சேமித்து வைக்கட்டும். அசலைப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள்.

ஆறாம் படி: படிவம்

நாடாவின் இணையதளத்தில் டி.யு.இ. படிவம் இருக்கிறது. ஒரு பகுதியை நீங்கள் நிரப்ப வேண்டும்: பெயர், விளையாட்டு, எந்த நிலையில் ஆடுகிறீர்கள், முன்பு விண்ணப்பித்தது உண்டா, முன்தேதிக்குக் கேட்கிறீர்களா என்பவை. இன்னொரு பகுதி டாக்டருக்கு: நோயின் பெயர், தடையில்லாத மருந்தை ஏன் தர முடியாது, மருந்தின் மூலப்பெயர், அளவு, செலுத்தும் வழி, ஒரு நாளில் எத்தனை முறை, எத்தனை நாளைக்கு. பிராண்ட் பெயரை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். கையெழுத்து புரியாவிட்டாலும், கையொப்பமோ முத்திரையோ விடுபட்டாலும் விண்ணப்பம் திரும்பி வரும்; முடிந்தால் தட்டச்சு செய்யுங்கள். வயது வராத வீரருக்குப் பெற்றோர் கையெழுத்திட வேண்டும்.

டாக்டரிடம் இந்தப் படிவத்தை நெரிசலான ஓ.பி. நேரத்தில் நீட்டாதீர்கள். முன்கூட்டியே கேட்டு, கூட்டமில்லாத நேரத்தில் உட்கார்ந்து நிரப்பிக்கொள்ளுங்கள். விளையாட்டு விதிகள் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. நான்கு நிபந்தனைகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டினால் கடிதம் அதற்கேற்ப வரும். அனுப்பிய எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டிக் காலத்தில் மட்டும் தடை உள்ள மருந்து என்றால், போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்பே அனுப்ப வேண்டும். எப்போதும் தடை உள்ளது என்றால், தேவை தெரிந்த உடனே.

ஏழாம் படி: காத்திருப்பும் முடிவும்

மூன்று பேருக்குக் குறையாத மருத்துவர் குழு முடிவெடுக்கும். முழுமையான விண்ணப்பம் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள் பதில் வர வேண்டும் என்பது விதி. 'முழுமையான' என்ற சொல்லைக் கவனியுங்கள்: ஓர் அறிக்கை குறைந்தாலும் குழு அதைக் கேட்டு எழுதும், அது போய்ச் சேரும் வரை அந்த 21 நாள் கணக்கு தொடங்காது. குழுவினர் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். நோய் விவரத்தைப் பயிற்சியாளரிடமோ சங்கத்திடமோ சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை.

மறுத்தால், காரணம் எழுத்தில் வரும். பல நேரம் காரணம் சான்று போதாமைதான். விடுபட்ட சோதனையைச் செய்து மறுபடி விண்ணப்பிக்கலாம். முடிவே தவறு என்று தோன்றினால் மேல்முறையீடு உண்டு. காலக்கெடுவைக் கடிதத்தில் பார்த்து அன்றே குறித்துக்கொள்ளுங்கள். நாடா கொடுத்ததைச் சர்வதேசச் சம்மேளனம் ஏற்க மறுத்தால், 21 நாளுக்குள் வாடாவிடம் மறுபரிசீலனைக்குக் கொண்டுபோகலாம். அதுவரை உள்நாட்டுத் தேசியப் போட்டிகளில் அந்த விலக்கு செல்லும்.

அவசரம் வந்தால்

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்குள் தேனீப் பெட்டிகள் நிறைய. தேனீ கொட்டி உடல் தடித்து, மூச்சு அடைத்து, ரத்த அழுத்தம் விழும் நிலையில் ஒருவர் வந்தால், டாக்டர் அட்ரினலின் ஊசி போடுவார், கூடவே ஸ்டீராய்டும் போகலாம். இரண்டும் போட்டிக் காலத்தில் தடையில் உள்ளவை. யாரும் அந்த நேரத்தில் டெல்லிக்கு எழுதிக் கேட்கச் சொல்லவில்லை. உயிருக்கு முதலிடம், சிகிச்சை முடிந்தபின் முன்தேதிக்கான டி.யு.இ.க்கு விண்ணப்பிக்க விதி இருக்கிறது. அவசரச் சிகிச்சை, விண்ணப்பிக்க நேரமின்மை, போட்டியில்லாத நாளில் எடுத்த மருந்தின் மிச்சம் போட்டி நாளில் தென்படுவது ஆகிய நிலைகளில் இது கிடைக்கும். அதே நான்கு நிபந்தனைகள் இங்கும் உண்டு.

இதற்குத் தேவையானது அன்றைய அவசரப் பிரிவுக் குறிப்பு. நேரம், வந்தபோது நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, மூச்சொலி, கொடுத்த மருந்து, அதன் அளவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். மருத்துவமனையை விட்டு வருவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் கிடைப்பது கடினம்.

பரிசோதனை நாளில்

மாதிரி எடுக்கும்போது நிரப்பும் படிவத்தில் கடந்த 7 நாளில் எடுத்த மருந்துகளைக் கேட்பார்கள். மாத்திரை, இன்ஹேலர், சத்துமாவு, லேகியம் எல்லாவற்றையும் எழுதுங்கள். டி.யு.இ. இருந்தால் அதையும் சொல்லி, நகலைக் காட்டுங்கள். போனில் மட்டும் வைத்திருக்காமல் ஒரு அச்சுப் பிரதி பையில் இருக்கட்டும். சார்ஜ் தீர்ந்த போன் அங்கே உதவாது. படிவத்தில் மருந்தை எழுதிவிட்டால் அதுவே அனுமதி ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. எழுதுவது உங்கள் நேர்மைக்குச் சாட்சி, விலக்கு வேறு.

டி.யு.இ.யில் குறித்த மருந்து, அளவு, வழி, காலம் நான்கையும் மீறக்கூடாது. டாக்டர் டோஸைக் கூட்டினாலோ மருந்தை மாற்றினாலோ உடனே நாடாவுக்குத் தெரிவித்துப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். காலாவதியானால் தானாகப் புதுப்பிக்கப்படாது. முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே, புதிய பரிசோதனை அறிக்கைகளோடு மறுவிண்ணப்பத்தைத் தொடங்கிவிடுங்கள். ஜனவரி பிறந்ததும் புதிய பட்டியலில் உங்கள் மருந்தை மறுபடி ஒருமுறை தேடிப் பாருங்கள். இங்கே நான் கொடுத்த வரம்புகளும் நாள்கணக்கும் அதில் மாறியிருக்கலாம்.